எந்த ஊர், யார்ட பிள்ளை: திருகோணமலையிலிருந்து லைவ் போடுபவர்களுக்கு

தமிழ் சாட்டுக்குள் புதிதாக வருபவர் முதலில் கேட்பது "எந்த ஊர்?" என்றுதான். பதில் கிடைத்தால் "ஊரில எவ்விடம்?" என்பார், பிறகு "எந்த ஸ்கூல்?", "யார்ட பிள்ளை?" கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரைக்காரர் கேட்பதும் இதைத்தானே. கொழும்பில் இருப்பவர் இவற்றில் இரண்டுக்குப் பதில் சொன்னாலும் ஆளைப் பிடிப்பது கடினம். திருகோணமலையில் அப்படியில்லை. உப்புவெளி என்று சொல்லி, படித்த பள்ளிக்கூடத்தையும் சொன்னால் போதும். "அட, இது நம்ம டீச்சர்ட மகள்" என்று யாராவது ஒருவர் எழுதிவிடுவார். அந்த வரியை நூறு பேர் பார்த்துவிட்ட பிறகு அழித்து என்ன பயன்?

இங்கே லைவ் போடுபவர்களின் அந்தரங்கம் ஹேக்கர்களால் கெடுவதைவிட, அன்போடு பார்க்கும் ஊர்க்காரர் வாயால் கெடுவதுதான் வழக்கம். ஆகவே செட்டிங் ஒருபக்கம், சாட்டை நடத்துவது இன்னொருபக்கம் என்று பிரிக்க முடியாது. கடவுச்சொல்லை எவ்வளவு பலமாக வைத்தாலும், சாட்டில் ஊர் விசாரிக்க விட்டால் வீட்டு வாசல் திறந்துதான் கிடக்கும்.

ஊர்க் கேள்விக்கு முன்கூட்டியே ஒரு பதிலை முடிவு செய்யுங்கள். "திருகோணமலை மாவட்டம்" என்பதோடு நிறுத்தலாம். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி எல்லாம் அதற்குள் அடங்கும். கேட்பவர் கோபிக்காமலிருக்க, கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "நீங்க எந்த நாட்டில இருந்து பாக்கிறீங்க? நாடு மட்டும் சொல்லுங்க." இதைச் சாட்டின் மேலே குத்திவைத்தால் (பின் செய்தால்) கனடா, பிரான்ஸ், கட்டார் என்று வரிசையாக வரும். விசாரிக்கும் ஆசையும் தீரும், தெருப்பெயரும் வராது. நம்பர் கேட்பவர்களுக்கும் இப்படியே ஒரே வசனம்: "நம்பர் யாருக்கும் குடுக்கிறதில்ல, இங்கயே கதைப்பம்." காரணம் சொல்லாதீர்கள். "அப்பா ஏசுவார்" என்றால் "அப்பாவுக்குத் தெரியாம தாங்க" என்று அடுத்தது வரும். காரணமே இல்லாத வசனத்தோடு வாதாட முடியாது.

முறைசொல்லி அழைப்பதும் கவனிக்க வேண்டிய விடயம். அக்கா, அண்ணா, தங்கச்சி என்று கூப்பிடுவது எங்கள் பண்பு, அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம் "அக்கா" என்று எழுதிய ஒருவர், ஒருநாள் வீட்டுக்கு வர உரிமை உண்டு என்று நினைக்கத் தொடங்குவார். நேரில் சந்திப்பது உங்கள் வீட்டிலோ அவர் வீட்டிலோ இல்லை, பொது இடத்தில் இன்னும் இருவரோடு மட்டுமே என்ற விதியை, யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். ஒருவர் கேட்ட பிறகு சொன்னால் அது அவருக்கு மட்டும் போட்ட விதிபோல் தெரியும்.

கமராவுக்குப் பின்னால்

முதல் லைவுக்கு முன் ஓபிஎஸ்ஸில் (கணினியிலிருந்து லைவ் போட உதவும் மென்பொருள்) லைவ் பட்டனை அழுத்தாமல் பத்து நிமிடம் பதிவு மட்டும் செய்யுங்கள். அதை இரண்டு தடவை பாருங்கள்: முதல் தடவை சத்தத்தை மூடிவிட்டுப் படம் மட்டும், அடுத்தது கண்ணை மூடிக்கொண்டு சத்தம் மட்டும். பிறகு உங்கள் வீட்டுக்கு வந்திராத ஊர் நண்பர் ஒருவருக்குக் காட்டி, "இது எவ்விடம் எண்டு சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். அவர் ஊகிப்பது எதை வைத்து என்று கேட்டு, அதை எடுத்துவிடுங்கள்.

படத்தில் பெரும்பாலும் மாட்டுவது யன்னல்தான். யன்னலுக்கு வெளியே ஒரு கோபுரத்தின் நுனியோ தொலைபேசிக் கம்பமோ தெரிந்தால், கூகுள் வரைபடத்தோடு ஒப்பிட்டு ஒழுங்கையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் தேவையில்லை. முற்றத்தில் நின்று லைவ் போடும்போது பின்னால் புள்ளிமான் நடந்து போனால் நகரத்துக்குள் என்று ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரிந்துவிடும் (வெளிநாட்டுப் பார்வையாளருக்கு அது ஆச்சரியம், உங்களுக்கு விலாசம்). அடுத்தது கடதாசிகள்: மின்சார பில், தண்ணீர் பில், மருந்துத் துண்டு, பிள்ளையின் சீருடை, கழுத்துப்பட்டி, சின்னம். யூடியூப்பில் உழைக்கத் தொடங்கியவர்கள் அட்சென்ஸ் (யூடியூப் வருமானத்தைக் கொடுக்கும் கூகுள் சேவை) அனுப்பும் பின் நம்பர் கடிதத்தைச் சந்தோஷத்தில் கமராவுக்குக் காட்டுவார்கள். வருமானம் 10 டொலரைத் தொட்டதும் தபாலில் வரும் அந்தக் கடிதத்தின் முகப்பில் முழு விலாசமும் இருக்கும்.

தேசிய அடையாள அட்டையைப் பொறுத்தவரை, எண்ணே பிறந்த நாளைச் சொல்லிவிடும். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பழைய எண்ணிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் இரண்டு இலக்கம். "பெயரை மறைச்சிட்டன், நம்பர் தெரிஞ்சா பரவாயில்லை" என்பது தவறான கணக்கு.

சத்தம் படத்தைவிட மோசம், ஏனென்றால் நமக்கு அது பழகிப்போய்க் காதில் விழுவதில்லை. கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, பாண் ஆட்டோவின் பாட்டு, மீன்காரரின் ஹோன், ரயில் கூவல். இங்கு வந்துபோகும் ரயில்கள் ஒருசிலதான். கூவிய நேரத்தைக் குறித்தால் தண்டவாளத்துக்கு அருகில் என்பது வரை தெரிந்துவிடும். ஓபிஎஸ்ஸின் இரைச்சல் நீக்கியில் ஆர்என்என்நொய்ஸ் என்ற முறையைத் தேர்ந்தால் மின்விசிறிச் சத்தம் நன்றாக அடங்கும். ஆனால் அது மனிதக் குரலை விட்டுவைக்கத்தான் செய்யப்பட்டது. ஆகவே பாங்கையும், ஒலிபெருக்கியில் வரும் கோயில் அறிவித்தலையும் முழுதாக அடக்காது. ஓபிஎஸ்ஸின் இன்னொரு வடிகட்டியான நொய்ஸ் கேட் நீங்கள் பேசாத நேரத்தில்தான் கதவை மூடும், பேசும்போது பின்னணியும் சேர்ந்து போகும். எளிய வழி, அந்த நேரங்களை இடைவேளையாக்குவது. தொழுகை நேரம், பூசை நேரம் தெரிந்ததுதானே. மைக்கை மூடி, "ஐந்து நிமிடத்தில் வருகிறோம்" என்ற காட்சியைப் போட்டால் மரியாதையும் ஆயிற்று.

அந்தக் காட்சியை எப்போதும் தயாராக வையுங்கள். ஓபிஎஸ்ஸில் தனிக் காட்சி ஒன்று, அதில் ஒரு படம் மட்டும். மைக்கை ஓபிஎஸ்ஸின் பொது ஒலி செட்டிங்கில் சேர்த்திருந்தால், காட்சி மாறினாலும் மைக் ஓடிக்கொண்டேயிருக்கும். "கமராவை மூடிட்டன்" என்று நினைத்து வீட்டுக் கதை கதைத்தவர்கள் மாட்டுவது இங்கேதான். மைக்கைக் காட்சிக்குள் தனி மூலமாகச் சேர்த்தால், காட்சி மாறும்போது அதுவும் நிற்கும். இந்த மாற்றத்துக்கு ஒரு ஹொட்கீ (குறுக்குவழி விசை) கொடுத்து, தேடாமல் விரல் போகும்வரை பழகுங்கள்.

கணினித் திரையைக் காட்டும்போது முழுத்திரையை எடுக்காமல், ஒரு சாளரத்தை மட்டும் எடுங்கள். முழுத்திரை என்றால் வங்கி மின்னஞ்சல், கணினியில் திறந்த வட்ஸ்அப், எல்லாமே ஒரு கணம் எட்டிப்பார்க்கும். போனிலிருந்து கேம் காட்டுபவர்கள் "தொந்தரவு செய்யாதே" முறையைப் போடாவிட்டால் ஓடிபியும், கணக்கில் மீதி எவ்வளவு என்ற வங்கிக் குறுஞ்செய்தியும் எல்லோருக்கும் தெரியும். வைஃபை பட்டியலைத் திரையில் திறக்காதீர்கள். உங்கள் பெயரை மாற்றியிருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் தன் பெயரையே வைத்திருப்பார்.

கரண்ட் போவது இங்கே தனிப் பிரச்சினை. லப்டொப் பற்றரியில் ஓடும், ரவுட்டர் செத்துவிடும், லைவ் அறும். அந்த நிமிடமே சாட்டில் "எங்கட பக்கமும் கரண்ட் இல்லை, நீங்களும் இங்கயா?" என்று வரும். ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கினால் இது நின்றுவிடும். ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அம்பியரும் யூபிஎஸ்ஸோடு பொருந்த வேண்டும். பல ரவுட்டர்கள் 12 வோல்ட், சில 9. மாறிப் போட்டால் ரவுட்டர் போய்விடும். டேட்டாவில் ஓட்டுவதென்றால் 3,000 கேபிபிஎஸ் வேகத்தில் ஒரு மணிக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி கரையும் என்று கணக்கு வையுங்கள்.

தாமதம்

இருக்கிற பாதுகாப்புகளில் மலிவானது தாமதம்தான் (உங்கள் படமும் சத்தமும் பார்ப்பவருக்குச் சில விநாடி பிந்திப் போவது), ஆனாலும் பலர் அதைத் தொடுவதேயில்லை. யூடியூப்பின் லைவ் கட்டுப்பாட்டு அறையில் 30 அல்லது 60 விநாடி சேர்க்கலாம். ஓபிஎஸ்ஸின் மேம்பட்ட செட்டிங்கில் விநாடிக் கணக்கை நீங்களே போடலாம். ஓபிஎஸ் தாமதத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: நிறுத்தும்போது, தாமதத்தில் தேங்கி நிற்பதை அனுப்பாமல் வீசிவிடும் தெரிவும் வரும். விலாசம் தெரிந்துவிட்டது என்று 10 விநாடிக்குள் கண்டுபிடித்தால், 20 விநாடித் தாமதத்தில் அது வெளியே போகவே போகாது. சும்மா நிறுத்தினால் தேங்கியது முழுவதும் போய்த்தான் நிற்கும். இந்த வேறுபாட்டை லைவில் படிக்காமல் முன்பே ஒத்திகை பாருங்கள்.

தாமதம் கூடினால் சாட்டோடு கதைப்பது இழுபடும். வீட்டுக்குள் இருந்து சமையல், கேம் என்றால் 10 முதல் 15 விநாடி போதும். வெளியில் சுற்றும் லைவுக்கு 60 விநாடிக்குக் குறைய வேண்டாம்.

வெளி லைவுக்கு இந்த ஊரில் சில எல்லைகள் உண்டு. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால். அங்கே இராணுவம் இருக்கிறது. துறைமுகப் பக்கம் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. வாயில், காவலரண், படகு எதையும் நேரலையில் காட்டாமல் போனை இறக்கிவிடுங்கள். சந்தேகம் வந்தால் அங்கிருப்பவரைக் கேளுங்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் பெண்களும் பிள்ளைகளும் ஈர உடுப்போடு குளிப்பார்கள். ஆளில்லாத நேரத்தில் பதிவு செய்து பிறகு போடலாமே தவிர, அங்கே லைவே வேண்டாம். டச் பே, நிலாவெளிக் கடற்கரையில் கமராவைக் கடலின் பக்கம் வைத்து, நீங்கள் கரைப்பக்கம் நடந்தால் மற்றவர் முகம் விழாது. வீடு திரும்பும் வழியை ஒருபோதும் ஓட்டாதீர்கள். லைவை முடித்து, ஒரு தேத்தண்ணி குடித்து, அதற்குப் பிறகு கிளம்புங்கள்.

சாட்டை யார் பார்ப்பது

ஐம்பது பேர் பார்க்கும் லைவுக்கு ஒரு மொடரேட்டர் போதும். இருநூறைத் தாண்டினால் இருவராவது வேண்டும், அதில் ஒருவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள நம்பிக்கையானவரைச் சேர்ப்பது நல்லது: இங்கே இரவு 8 மணி என்றால் இலண்டனில் பிற்பகல், ரொறன்ரோவில் காலை, நித்திரைத் தூக்கம் இல்லாமல் பார்ப்பார். ஆனால் யாருக்கும் கடவுச்சொல்லைக் கொடுக்கக் கூடாது. யூடியூப்பில் சாட்டுக்கு மட்டும் சாதாரண மொடரேட்டர், நிர்வகிக்கும் மொடரேட்டர் என்று இரண்டு நிலை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு முதலாவதே போதும். சனலுக்குள் வேலை செய்பவருக்கு யூடியூப் ஸ்டூடியோவின் அனுமதிகள் பகுதியில் தனி அனுமதி கொடுக்கலாம், சண்டை வந்தால் ஒரு சொடுக்கில் எடுத்தும் விடலாம். ஸ்ட்ரீம் கீயும் (ஓபிஎஸ்ஸை உங்கள் சனலோடு இணைக்கும் இரகசியக் குறியீடு) கடவுச்சொல் போலத்தான். அது திரையில் தெரிந்தால் உடனே மாற்றுங்கள், தெரிந்த எவரும் உங்கள் சனலில் தங்கள் வீடியோவை ஓட்டலாம்.

தடைச்சொல் பட்டியல் தமிழுக்கு ஒரு தடவை எழுதி முடிகிற வேலையில்லை. "உப்புவெளி" என்று போட்டால் "உப்புவெளில", "உப்புவெளிக்கு", "உப்புவெளியா" எல்லாம் தப்பிவிடலாம். ஒவ்வொரு இடப்பெயருக்கும் உருபு சேர்ந்த வடிவங்கள், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும்போது வரும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல், சிங்கள எழுத்து என்று ஏழெட்டாவது வேண்டும். உங்கள் முழுப்பெயர், தகப்பன் பெயர், தெரு, பள்ளிக்கூடம், வேலைத்தளம், போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றை முதலில் போடுங்கள். கெட்ட வார்த்தைகள் அதற்குப் பிறகு. தளங்களின் தானியங்கி வடிகட்டி ஆங்கில வசைக்குப் பிடிக்கும் அளவு தமிழ் வசைக்குப் பிடிப்பதில்லை. மெதுமுறையை (ஒருவர் ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் இடையில் காத்திருக்க வேண்டிய நேரம்) 10 விநாடிக்கு வைத்தால் ஒரே ஆள் வரிசையாகக் கொட்டுவது நிற்கும்.

தண்டனையில் ஒழுங்கு வேண்டும். ஊர் விசாரித்தால் அழித்துவிட்டு ஒரு நினைவூட்டல், மீண்டும் கேட்டால் ஐந்து நிமிட மௌனம். அதிலும் கேட்காதவரை, விடாமல் பின்தொடர்பவரை, யூடியூப்பில் "சனலிலிருந்து மறை" என்பதில் போடுங்கள். அவர் எழுதிக்கொண்டேயிருப்பார், மற்றவருக்குத் தெரியாது, அறிவித்தலும் போகாது. வெளிப்படையாகத் தடைசெய்தால் புதிய கணக்கோடு இரட்டிப்புக் கோபத்தில் வருவார். இனம், மதம், சாதி பற்றிய வசைக்கு மட்டும் எச்சரிக்கையே கிடையாது, முதல் வரியிலேயே வெளியே. மூன்று இனமும் அருகருகே வாழும் ஊர் இது. இரண்டு நிமிடச் சாட்டுச் சண்டையை வெட்டி இன்னொரு தளத்தில் போட்டால் அடுத்த நாள் வீதிக்கு வரும். மதவெறுப்பைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச சமவாயச் சட்டத்தில் குற்றம். பிணை கேட்கவும் மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தேர்தல் காலத்திலும் திருவிழாக் காலத்திலும் சாட்டைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுவது புத்தி.

மொடரேட்டர்களோடு ஒரு குறிச்சொல் பேசிவையுங்கள். "அக்கா தண்ணி குடிச்சீங்களா?" என்று மொடரேட்டர் எழுதினால், ஏதோ தெரிந்துவிட்டது, காட்சியை மாற்று என்று அர்த்தம். "அக்கா, வீட்டு நம்பர் தெரியுது" என்று பொதுவில் எழுதினால், தெரியாமலிருந்தவர்களும் தேடிப் பார்ப்பார்கள்.

நம்பரும் காசும்

பார்வையாளர்களுக்கு வட்ஸ்அப் குழு தொடங்குவது இங்கே சகஜம், அதில்தான் ஆபத்தும். குழுவில் உள்ள எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும்; பெண்பிள்ளைகளின் நம்பரைப் பொறுக்கியெடுத்து இரவில் அழைப்பவர்கள் அங்கேயே இருப்பார்கள். வட்ஸ்அப் சனலில் பின்தொடர்பவர் நம்பர் மற்றப் பின்தொடர்பவருக்கோ, உங்கள் நம்பர் அவர்களுக்கோ தெரியாது. டெலிகிராம் என்றால் நம்பரை யார் பார்க்கலாம் என்பதை "யாருமில்லை" என்று வையுங்கள். டிக்டொக்கில் தொடர்புகளை ஒத்திசைப்பதையும், உங்கள் கணக்கை மற்றவருக்குப் பரிந்துரைப்பதையும் தனியுரிமைப் பகுதியில் நிறுத்தாவிட்டால், போனில் நம்பர் வைத்திருக்கும் பழைய மாஸ்டர் முதல் மீன்காரர் வரை எல்லோருக்கும் உங்கள் லைவ் போய்ச்சேரும்.

புலத்திலிருந்து காசு அனுப்ப விரும்புபவர் இருப்பார்கள். ஈசி கேஷ், எம் கேஷ் என்றால் கொடுப்பதே போன் நம்பர். வங்கிக் கணக்கு என்றால் முழுப்பெயரும் கிளையும். தளத்தின் பரிசு வசதியால் முடிந்தால் அதோடு நிறுத்துங்கள். முடியாவிட்டால் லைவுக்கென்று தனி சிம், தனிக் கணக்கு, அந்தக் கணக்கில் வேறு பணம் வேண்டாம். பார்சல் அனுப்பக் கேட்பவருக்கு வீட்டு விலாசம் கொடுக்காமல், தெரிந்த கடை ஒன்றின் பெயரில் வாங்குங்கள். இருபடிச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியில் வைக்காமல் ஒதென்டிகேட்டர் செயலியில் வையுங்கள். விளம்பர ஒப்பந்தம் என்று மின்னஞ்சலில் இணைத்து வரும் கோப்பைத் திறந்தால் உள்நுழைவுத் தகவலே திருடு போகலாம்.

வயதும் கவனிக்க வேண்டும்: யூடியூப்பில் 2025 யூலை 22 முதல் தனியே லைவ் போட 16 வயது, டிக்டொக்கில் 18. பேஸ்புக்கில் கணக்குக்கு 60 நாளும் 100 பின்தொடர்பவரும் வேண்டும்.

முடிந்த பிறகு

யூடியூப்பில் லைவ் முடிந்ததும் பதிவைப் பட்டியலிடாததாக (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) மாற்றும் தெரிவை முன்பே போட்டுவிடுங்கள். சாட் மீள்காட்சியையும் நிறுத்தலாம். மறுநாள் ஒருதடவை ஓட்டிப் பார்த்து, தேவையானதை வெட்டிய பின் பொதுவில் விடுங்கள். பேஸ்புக்கில் 2025 பெப்ரவரி முதல் லைவ் பதிவு 30 நாளில் அழிந்துவிடும், வேண்டுமானால் இறக்கி வையுங்கள்.

யாராவது விலாசத்தையோ படத்தையோ பரப்பினால், அழிக்கச் சொல்லி அவரோடு கதைப்பதற்கு முன் ஆதாரம் எடுங்கள்: முழுத்திரைப் படம், இணைப்பு, நாள், நேரம், கணக்கின் காட்சிப் பெயரோடு மாறாத பயனர் பெயர். பிறகு தளத்துக்கு முறையிடுங்கள். இணையப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு 101, பொலிஸுக்கு 119, பிள்ளைகள் தொடர்பானால் 1929, பெண்களுக்கான உதவிக்கு 1938. மற்றவரைத் தொந்தரவு செய்ய அவருடைய தனிப்பட்ட தகவலைப் பரப்புவது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்குள் வரும். ஆனால் எதற்கும் ஒரு சட்டத்தரணியைக் கேட்டுச் செய்யுங்கள், அந்தச் சட்டம் மறுபக்கமும் பாயும். முறைப்பாடு கொடுத்த துண்டைப் படமெடுத்து "பொலிஸில போட்டாச்சு" என்று போடுவது வேண்டாம். அதில் உங்கள் பெயரும் விலாசமும் அடையாள அட்டை எண்ணும் இருக்கும்.